டாக்குமென்ட் டாட் ஆல்: இருந்தும் இல்லாத ஒன்று

லேப்டாப் பக்கத்துல இருக்கிறவங்க பிரவுசரைத் திறந்து, எஃப்12 தட்டி, கன்சோலுக்குப் போங்க. பஸ்லயோ மெட்ரோலயோ கேட்டுக்கிட்டு இருக்கிறவங்க மனசுக்குள்ளயே தட்டிக்கோங்க. ‘டாக்குமென்ட் டாட் ஆல்’ என்று டைப் செய்து என்டர் அடித்தால், அந்தப் பக்கத்தில் இருக்கிற அத்தனை எலிமென்ட்டும் ஒரு பட்டியலாக வந்து நிற்கும். இப்போது அதே வரிக்கு முன்னால் ‘டைப்ஆஃப்’ சேர்த்து மறுபடி அடியுங்கள். ‘அன்டிஃபைன்ட்’ என்று பதில் வரும்.

பட்டியல் கண் முன்னால் இருக்கிறது. நீ யார் என்று கேட்டால் ‘நான் இல்லை’ என்கிறது. கடன்காரர் கதவைத் தட்டும்போது, ‘அப்பா வீட்ல இல்லன்னு அப்பாவே சொல்லச் சொன்னாரு’ன்னு குழந்தை சொல்லுமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இப்படிப் பொய் சொல்ல அதிகாரபூர்வமாக அனுமதி வாங்கிய ஒரே பொருள் இது. அந்தக் கடன்காரர் யார் என்று பார்க்க 1990களுக்குப் போக வேண்டும்.

இந்த எபிசோட்ல நாம பேசப்போறது, ஒரு வெப் பக்கத்தில் இருக்கிற பட்டனையோ பத்தியையோ ஜாவாஸ்கிரிப்ட் எப்படிக் கையில் எடுக்கிறது என்பதன் வரலாறு. ‘கெட் எலிமென்ட் பை ஐடி’, ‘குவெரி செலக்டர்’, ‘இன்னர் எச்டிஎம்எல்’, இந்த மாதிரி ஆட்கள். ரியாக்ட் படித்து நேராக வேலைக்கு வந்தவர்களுக்கு இவையெல்லாம் இன்டர்வியூவுக்கு முதல் நாள் ராத்திரி பார்க்கிற சமாச்சாரமாகத் தோன்றலாம். ஆனால் ரியாக்ட் கடைசியில் பிரவுசரிடம் போய்ப் பேசும்போது இதே பழைய மெத்தட்களைத்தான் கூப்பிடுகிறது. வேறு வழி கிடையாது. ஒரு எச்சரிக்கை: ஆடியோல கோடு படிக்கறது கொஞ்சம் கொடுமைதான், பொறுத்துக்கோங்க.

1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் ஒரு மொழியின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். முதலில் மோக்கா, பிறகு லைவ்ஸ்கிரிப்ட், டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர் மாறியது. இது எல்லோரும் சொல்கிற கதை, நான் தாண்டிப் போறேன். அந்த முதல் ஜாவாஸ்கிரிப்ட்டால் பக்கத்தில் எதைத் தொட முடிந்தது? ரொம்பக் கொஞ்சம். ‘டாக்குமென்ட் டாட் ஃபார்ம்ஸ்’ என்றால் படிவங்கள், ‘டாக்குமென்ட் டாட் லிங்க்ஸ்’ என்றால் இணைப்புகள். 1996ல் நேவிகேட்டர் 3 வந்தபோது ‘டாக்குமென்ட் டாட் இமேஜஸ்’ சேர்ந்தது.

இதுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு கேக்கலாம். டயல்-அப் மோடம் காலம் அது. படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப மறந்தால், அது சர்வர் வரைக்கும் போய், ‘இமெயில் எழுதலையே’ என்று திரும்பி வர வேண்டும். அந்தத் தவறைப் பிரவுசரே பிடித்துச் சொன்னது பெரிய விஷயம். படங்களைத் தொட முடிந்ததும், மவுஸை மேலே கொண்டு போனால் பட்டனின் படம் மாறும் வித்தை எல்லா சைட்களிலும் வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் ஏற்கனவே வந்துவிட்ட ஒரு சாதாரணப் பத்தியின் எழுத்தை மாற்றச் சொல்லுங்கள், முடியாது. படிவம், இணைப்பு, படம் போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான் கைப்பிடி இருந்தது. இந்தக் காலத்து வழக்கங்களைப் பின்னாளில் ‘டாம் லெவல் 0’ என்று அழைத்தார்கள். அந்தப் பெயரில் ஸ்டாண்டர்ட் ஆவணம் எதுவும் வரவில்லை. முன்பிருந்ததற்கு ஒரு எண் வேண்டியிருந்தது, பூஜ்யம் கிடைத்தது.

1997ல் நிலைமை சூடானது. ஜூனில் வந்த நெட்ஸ்கேப் 4, ‘லேயர்’ என்று ஒரு புது டேகைக் கொண்டுவந்தது. நகர வேண்டிய, மறைய வேண்டிய எதையும் லேயராக்கினால் ‘டாக்குமென்ட் டாட் லேயர்ஸ்’ வழியாகத் தொடலாம். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு லேயருக்குள்ளும் தனியாக ஒரு டாக்குமென்ட். மெனுவுக்குள் இருக்கிற துணை மெனுவை எடுக்க, டாக்குமென்ட் டாட் லேயர்ஸ், அதற்குள் மறுபடி டாக்குமென்ட் டாட் லேயர்ஸ் என்று சுரங்கப் பாதையில் போவது போல இறங்கிக்கொண்டே போக வேண்டும்.

செப்டம்பர் 30 அன்று மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 வந்தது. அவர்களுடைய பதில்தான் ‘டாக்குமென்ட் டாட் ஆல்’. பெயரே சொல்கிறது, எல்லாம். பத்தியோ, தலைப்போ, டேபிளுக்குள் ஒரு கட்டமோ, ஒரு ஐடி கொடுத்தால் போதும், நேராக எடுக்கலாம். எடுத்த எலிமென்ட்டின் உள்ளே இருப்பதை ‘இன்னர் எச்டிஎம்எல்’ என்ற ஒற்றைச் சொல்லால் மாற்றலாம். மாற்றியதும் பக்கம் தன்னைத்தானே மறுபடி அடுக்கிக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் மேல எனக்குப் பெரிய பாசம் ஒண்ணும் கிடையாது. ஆனால் இந்த ஒரு சண்டையில் நல்ல டிசைன் அவர்களுடையதுதான். பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் தொட முடிய வேண்டும் என்ற எண்ணத்தை ஒரு பிரபல பிரவுசருக்குள் முழுசாகக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்.

அந்த ரிலீஸ் பார்ட்டி முடிந்த ராத்திரி ஒரு கூத்து நடந்தது. மைக்ரோசாஃப்ட் ஆட்கள் தங்கள் பிரவுசரின் ராட்சத ‘இ’ லோகோவைக் கொண்டுபோய் நெட்ஸ்கேப் அலுவலகத்தின் புல்வெளியில் வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். நெட்ஸ்கேப்காரர்கள் அதைக் கீழே தள்ளி, அதன் மேல் தங்கள் மொசில்லா டைனோசரை ஏற்றி, ‘நெட்ஸ்கேப் 72, மைக்ரோசாஃப்ட் 18’ என்று ஒரு அட்டையை மாட்டினார்கள். மார்க்கெட்டில் அன்றைய சதவீதக் கணக்கு. சில வருஷத்தில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது.

இந்தச் சண்டைக்கு நடுவில் மாட்டியவர்கள் பக்கங்களை எழுதியவர்கள். ஒரே மெனுவை இரண்டு முறை எழுதினார்கள். ‘இஃப் டாக்குமென்ட் டாட் ஆல்’ இருந்தால் இது மைக்ரோசாஃப்ட், இந்த வழி. ‘இஃப் டாக்குமென்ட் டாட் லேயர்ஸ்’ இருந்தால் நெட்ஸ்கேப், அந்த வழி. இந்த இரண்டு வரிகள் அந்தக் காலத்தில் காப்பி அடிக்கப்பட்ட அளவுக்கு கல்லூரி அசைன்மென்ட் கூட காப்பி அடிக்கப்பட்டிருக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, 2019ல், லீவ் அப்ளை பண்ற ஒரு பழைய உள் அலுவலக அப்ளிகேஷனைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். யாருடையது என்பது வேண்டாம். அதில் இந்த இரண்டு வரியும் பத்திரமாக இருந்தன. நெட்ஸ்கேப் பிரவுசருக்கு சப்போர்ட் நின்றதே 2008ல். டீம்ல இருந்த சீனியர் அண்ணன்கிட்ட, இந்த லேயர்ஸ் வழியைத் தூக்கிடலாமான்னு கேட்டேன். ‘ஓடுதுல்ல, விடு தம்பி’ன்னார். இந்த எபிசோட் முழுக்க அந்த அண்ணன் சொன்ன வாக்கியம்தான் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

சண்டையை நிறுத்த டபிள்யூ3சி நுழைந்தது. 1998 அக்டோபர் 1 அன்று டாக்குமென்ட் ஆப்ஜெக்ட் மாடல், சுருக்கமாக டாம், லெவல் 1 வெளியானது. பக்கத்தை ஒரு மரமாகப் பாருங்கள், ஒவ்வொரு டேகும் ஒரு கணு, கணுவுக்குப் பெற்றோர் உண்டு, பிள்ளைகள் உண்டு என்றது. ‘கெட் எலிமென்ட் பை ஐடி’, ‘கெட் எலிமென்ட்ஸ் பை டேக் நேம்’, ‘கிரியேட் எலிமென்ட்’, ‘அப்பென்ட் சைல்ட்’ எல்லாம் அங்கிருந்து வந்தவை.

இந்தப் பெயர்கள் ஏன் இவ்வளவு நீளம்னு எல்லாருமே ஒரு தடவையாவது அலுத்துக்கிட்டிருப்போம். காரணம் இருக்கிறது. டாம் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. எந்த மொழியிலிருந்தும் எச்டிஎம்எல், எக்ஸ்எம்எல் ஆவணங்களைக் கையாள வேண்டும் என்பது குறிக்கோள். ஸ்பெசிஃபிகேஷனோடு ஜாவாவுக்கான வடிவமும் சேர்த்தே கொடுத்தார்கள். அதனால் அதன் நடை ஜாவாவின் நடை. ஒரு எலிமென்ட்டை நீக்க வேண்டுமென்றால் அதனிடமே ‘கிளம்பு’ என்று சொல்ல முடியாது. அதன் பெற்றோரைத் தேடிப் பிடித்து, ‘உன் பிள்ளையை நீக்கு’ என்று சொல்லி, எந்தப் பிள்ளை என்று அதையே மறுபடி கையில் கொடுக்க வேண்டும். காலேஜ்ல ஹெச்ஓடி, ‘பேரன்ட்ஸைக் கூட்டிட்டு வா’ன்னு சொல்ற மாதிரி. எலிமென்ட்டே நேராகக் கேட்டுக்கொள்கிற ‘ரிமூவ்’ என்ற சின்ன மெத்தட் பிரவுசர்களுக்குள் வர பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

இன்னொரு விஷயம் அந்த ஸ்பெசிஃபிகேஷனில் இருக்கிறது, இன்றைக்கும் ஆட்களைக் கவிழ்க்கிறது. ‘கெட் எலிமென்ட்ஸ் பை டேக் நேம்’ கொடுக்கிற பட்டியல் உயிருள்ள பட்டியல். பக்கம் மாறினால் பட்டியலும் தானே மாறும். ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளை அனுப்பிவிட்டு ‘இரண்டாவது ஆள் வாங்க’ என்று கூப்பிடுகிறீர்கள். ஆனால் முதல் ஆள் போனதும் எல்லோரும் ஒரு அடி முன்னால் வந்துவிட்டார்கள். இப்போது இரண்டாவதாக நிற்பவர் முதலில் மூன்றாவதாக நின்றவர். நிஜமான இரண்டாவது ஆள் முதலிடத்தில் நின்று முழித்துக்கொண்டிருப்பார். லூப் போட்டு எலிமென்ட்களை நீக்கும்போது ஒன்று விட்டு ஒன்று மிச்சமாவது இதனால்தான். லூப்புக்குள் அதே வகை எலிமென்ட்டைச் சேர்த்துக்கொண்டே போனால், பட்டியலும் வளர்ந்துகொண்டே போகும், லூப் முடியவே முடியாது. பல வருஷம் கழித்து வந்த ‘குவெரி செலக்டர் ஆல்’ அந்த வரிசையை ஒரு போட்டோ எடுத்துக் கொடுக்கிறது. ஆட்கள் நகர்ந்தாலும் போட்டோ மாறாது.

இப்போது அந்தக் கடன்காரருக்கு வருவோம். ஸ்டாண்டர்ட் வந்தாயிற்று. மொசில்லா, ஓபரா, ஆப்பிள் எல்லாம் நல்ல பிள்ளைகளாக ‘கெட் எலிமென்ட் பை ஐடி’யைச் செய்துவிட்டன. ஆனால் உலகத்தில் ஏற்கனவே எழுதி முடித்த பக்கங்கள் இரண்டு வகையாக இருந்தன. முதல் வகை, எதையும் சோதிக்காமல் நேராக ‘டாக்குமென்ட் டாட் ஆல்’ என்று கூப்பிடும். இதை சப்போர்ட் செய்யாவிட்டால் அந்தப் பக்கம் உடைந்து போகும். இரண்டாவது வகை, ‘டாக்குமென்ட் டாட் ஆல் இருக்கா?’ என்று கேட்கும். இருக்கிறது என்று சொன்னால், ஓஹோ நீ இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்று முடிவு செய்து, அந்த பிரவுசருக்கு மட்டுமே தெரிந்த பாஷையில் பேச ஆரம்பிக்கும். இதற்கு ஆம் என்று சொன்னால் இந்தப் பக்கம் உடையும்.

ஆம் சொன்னாலும் போச்சு, இல்லை சொன்னாலும் போச்சு. அதனால் பிரவுசர்கள் இரண்டையும் சொன்னன. நேராக வந்து கூப்பிட்டால் பட்டியல் கிடைக்கும். வாசலில் நின்று ‘இருக்கிறாரா?’ என்று கேட்டால் இல்லை. எச்டிஎம்எல் ஸ்டாண்டர்டில் இதை ‘தெரிந்தே செய்கிற மீறல்’ என்ற பொருளில் எழுதிவைத்தார்கள். பிற்பாடு ஜாவாஸ்கிரிப்ட் ஸ்பெசிஃபிகேஷனும் இந்த ஒரு பொருளுக்காகத் தனியாக ஒரு விதிவிலக்கை ஏற்றுக்கொண்டது. உச்சக்கட்டம் 2013ல். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11ல் மைக்ரோசாஃப்ட்டும் அதே பொய்யைச் சொல்ல ஆரம்பித்தது. அவர்களே கண்டுபிடித்த பொருள்! அதற்குள் வெப் எவ்வளவோ முன்னேறியிருந்தது, பழைய எக்ஸ்ப்ளோரர் வழிக்குத் தள்ளப்படுவது அவர்களுக்கே பிடிக்கவில்லை.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கூட வந்த இன்னொரு பிள்ளை, ‘இன்னர் எச்டிஎம்எல்’. டபிள்யூ3சி இதை டாம் லெவல் 1ல் சேர்க்கவில்லை. மரம், கணு என்று சுத்தமாக யோசித்தவர்களுக்கு, ஒரு எழுத்துச் சரத்தை அப்படியே உள்ளே கொட்டுவது கொஞ்சம் அசிங்கமாகப் பட்டிருக்கும். ஆனால் எழுதுகிறவர்களுக்கு ஐந்து வரி ஒரு வரியாகிறது, அந்தக் காலத்து பிரவுசர்களில் வேகமும் கூட. எல்லா பிரவுசரும் சேர்த்துக்கொண்டன, கடைசியில் எச்டிஎம்எல்5 அதை ஸ்டாண்டர்ட் ஆக்கியது.

இந்த இடத்தில் 2005 அக்டோபரில் மைஸ்பேஸில் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. சாமி காம்கர் என்ற இளைஞர் தன் ப்ரொஃபைலில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டை ஒளித்து வைத்தார். அதைப் பார்க்கிறவர் தெரியாமலேயே சாமிக்கு ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்புவார். அதோடு அவருடைய ப்ரொஃபைலிலும் அதே ஸ்கிரிப்ட் ஒட்டிக்கொள்ளும். 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் பரவியது, மைஸ்பேஸையே இறக்கிவைக்க வேண்டியதாயிற்று. நம்ம கதைக்குத் தேவையான துண்டு இது: பக்கத்தின் எச்டிஎம்எல்லைப் படித்து, பார்க்கிறவரின் எண்ணைக் கண்டுபிடிக்க அவருக்கு ‘இன்னர் எச்டிஎம்எல்’ தேவைப்பட்டது. மைஸ்பேஸ் அந்தச் சொல் எங்கே வந்தாலும் வடிகட்டி எடுத்துவிடும். அவர் அந்தச் சொல்லை நடுவில் உடைத்து இரண்டு துண்டாக எழுதி, ஓடும்போது ஒட்டிக்கொள்கிற மாதிரி செய்துவிட்டார். முடிந்தது வடிகட்டி. அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தார், கம்ப்யூட்டர் பயன்படுத்தவும் கட்டுப்பாடு விதித்தார்கள்.

இன்னைக்கும் யூசர் டைப் பண்ணதை அப்படியே ‘இன்னர் எச்டிஎம்எல்’ல போடறவங்க இருக்காங்க. ஸ்கிரிப்ட் டேக் அந்த வழியாக வந்தால் ஓடாது என்பது உண்மை. ஆனால் இல்லாத ஒரு படத்தை வைத்து, படம் வராவிட்டால் இதைச் செய் என்று ‘ஆன்எரர்’ எழுதினால் அது ஜம்மென்று ஓடும். வெறும் எழுத்துதான் வேண்டுமென்றால் ‘டெக்ஸ்ட் கன்டென்ட்’ இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். வரலாறு சொல்லிக்கொண்டே வந்ததில் வாத்தியார் ஆகிவிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

2001 ஆகஸ்டில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது. அடுத்த வெர்ஷன் 2006 அக்டோபரில். ஐந்து வருஷம்! போட்டியாளர் இல்லை, அவசரமும் இல்லை. ‘கெட் எலிமென்ட் பை ஐடி’ அதில் இருந்தது, ஆனால் ஐடி மட்டுமில்லாமல் ‘நேம்’ என்ற அட்ரிபியூட் பொருந்தினாலும் அந்த எலிமென்ட்டைக் கொடுத்துவிடும். கிளாஸ் பெயரை வைத்துத் தேட எந்த மெத்தடும் கிடையாது. பிரவுசர் செய்யாததை மற்றவர்கள் செய்ய ஆரம்பித்தார்கள்.

2003 மார்ச்சில் சைமன் வில்லிசன் ‘கெட் எலிமென்ட்ஸ் பை செலக்டர்’ என்று ஒரு ஃபங்ஷன் எழுதினார். சிஎஸ்எஸ் எழுதுகிறவர்களுக்கு எலிமென்ட்டைச் சுட்டிக்காட்ட ஒரு மொழி ஏற்கனவே தெரியும், அதையே ஜாவாஸ்கிரிப்ட்டிலும் பயன்படுத்தினால் என்ன என்பது யோசனை. 2005ல் சாம் ஸ்டீஃபென்சனின் ப்ரோட்டோடைப் லைப்ரரி ரூபி ஆன் ரெய்ல்ஸோடு சேர்ந்து வந்தது. ‘டாக்குமென்ட் டாட் கெட் எலிமென்ட் பை ஐடி’ என்ற மூச்சு முட்டுகிற பெயரை ஒரே ஒரு டாலர் குறியாகச் சுருக்கியது அந்த லைப்ரரிதான். டாலர்னாலே ஜேக்வெரின்னு நினைச்சிட்டிருந்தீங்கன்னா, இல்லை.

ஜேக்வெரி 2006 ஜனவரி 14 அன்று நியூயார்க் பார்கேம்ப்பில் அறிமுகமானது. எழுதிய ஜான் ரெசிக்குக்கு அப்போது 21 வயது. டாலர், அடைப்புக்குள் ஒரு சிஎஸ்எஸ் செலக்டர், வருகிற அத்தனை எலிமென்ட்டுக்கும் ஒரே அடியில் வேலை, ஒன்றும் அகப்படாவிட்டால் சத்தமில்லாமல் சும்மா இருத்தல். 2008ல் மைக்ரோசாஃப்ட்டே தன் விஷுவல் ஸ்டுடியோவோடு சேர்த்துக் கொடுப்பதாக அறிவித்தது.

ஜேக்வெரி ஜெயிக்க நிறைய காரணம் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அது செய்யாமல் விட்ட ஒரு வேலை. ப்ரோட்டோடைப்பும், 2006லேயே வந்த மூடூல்ஸும், பிரவுசரின் சொந்தப் பொருள்களுக்குள்ளேயே தங்கள் மெத்தட்களைச் செருகின. அரேயில் இல்லாத மெத்தடை அரேக்குள்ளேயே, எலிமென்ட்டில் இல்லாததை எலிமென்ட்டுக்குள்ளேயே. எழுத சுகமாக இருக்கும். ஜேக்வெரி தனக்கென்று ஒரு பை வைத்துக்கொண்டு, எலிமென்ட்களை அந்தப் பைக்குள் போட்டுக்கொண்டு, பையின் மேல்தான் மெத்தட்களை எழுதியது. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கவில்லை.

ஆணி அடித்தவர்களுக்கு என்ன ஆனது? ப்ரோட்டோடைப், ‘கெட் எலிமென்ட்ஸ் பை கிளாஸ் நேம்’ என்று தானே ஒன்று வைத்திருந்தது. அது கொடுக்கும் பட்டியலில் ‘ஈச்’ என்று ஒரு வசதி உண்டு. 2008ல் பிரவுசர்கள் அதே பெயரில் சொந்த மெத்தடைக் கொண்டுவந்தன. அது கொடுத்த பட்டியலில் ‘ஈச்’ இல்லை. பழைய வெர்ஷன் லைப்ரரியில் ஓடிய சைட்கள், பிரவுசர் முன்னேறிய காரணத்தாலேயே உடையும் நிலைக்கு வந்தன. 2010ல் ப்ரோட்டோடைப் குழுவைச் சேர்ந்த யூரி ஜைட்சேவே, டாமை இப்படி நீட்டியது ஏன் தப்பு என்று விளக்கமாக எழுதினார்.

அதே வருஷங்களில் ஸ்டாண்டர்ட் ஆட்களும் செலக்டர் யோசனையை எடுத்துக்கொண்டார்கள். என்ன பெயர் வைப்பது என்றே நீண்ட பஞ்சாயத்து. மேட்ச், கெட், செலக்ட் என்று ட்ராஃப்ட்டுக்கு ட்ராஃப்ட் மாறி, கடைசியில் ‘குவெரி செலக்டர்’, ‘குவெரி செலக்டர் ஆல்’ என்று நின்றது. 2008ல் சஃபாரியிலும் 2009ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8, ஃபயர்ஃபாக்ஸ் 3.5 ஆகியவற்றிலும் வந்தது. ஜான் ரெசிக்குக்கு அதில் ஒரு மனக்குறை. ஒரு எலிமென்ட்டுக்குள் மட்டும் தேடச் சொன்னாலும், செலக்டரை முழுப் பக்கத்துக்கும் பொருத்திப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் பிறகு பொறுக்கிக் கொடுக்கும். ‘டிவ் பி’ என்று தேடினால் அந்த ‘டிவ்’ நீங்கள் தேடச் சொன்ன எலிமென்ட்டுக்கு வெளியே இருந்தாலும் சரி என்று ஏற்றுக்கொள்ளும். லைப்ரரிகள் எல்லாம் நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தன. அதனால் ஜேக்வெரி இதை உள்ளே பயன்படுத்தும்போது, எலிமென்ட்டுக்குத் தற்காலிகமாக ஒரு ஐடி ஒட்டி, தேடி முடித்து, ஐடியை உரித்துப் போட்டது. இதைச் சரிசெய்யும் ‘ஸ்கோப்’ பின்னால் வந்தது. முதலில் வந்த நடத்தையை மாற்ற முடியாது, அதை நம்பி ஏற்கனவே பக்கங்கள் எழுதியாயிற்று.

மூடூல்ஸ் அடித்த ஆணி ரொம்ப வருஷம் கழித்துக் குத்தியது. ஒரு அரேயில் இந்தப் பொருள் இருக்கிறதா என்று பார்க்க ‘கன்டெய்ன்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். மூடூல்ஸ் சைட்கள் உடைந்தன. 2014ல் பெயர் ‘இன்க்ளூட்ஸ்’ ஆனது. நீங்க தினமும் எழுதுற ‘இன்க்ளூட்ஸ்’ அப்படி வந்ததுதான். 2018 மார்ச்சில் அடுத்த ரவுண்டு. அரேக்குள் இருக்கும் அரேயைத் தட்டையாக்கும் மெத்தடுக்கு ‘ஃப்ளாட்டன்’ என்று பெயரிட்டு, ஃபயர்ஃபாக்ஸின் சோதனை வெர்ஷனில் விட்டார்கள். ஒரு சைட் உடைந்தது. மூடூல்ஸும் அதே பெயரில் ஒன்றை அரேக்குள் செருகி, பிறகு அரேயில் தான் சேர்த்ததையெல்லாம் ஒரு லூப் போட்டு, பக்கத்து எலிமென்ட்களை வைத்திருக்கும் தன் பட்டியலுக்கும் பிரதி எடுக்கும். பிரவுசர் கொண்டுவரும் மெத்தட்கள் அந்த மாதிரி லூப்பின் கண்ணில் படாது. மூடூல்ஸ் அதன் மேல் தன்னுடையதை எழுதினாலும், கண்ணில் படாத குணம் அப்படியே ஒட்டிக்கொள்ளும். விளைவு, பிரதி எடுக்கும்போது ‘ஃப்ளாட்டன்’ மட்டும் விட்டுப்போனது.

மைக்கேல் ஃபிகாரா, மெத்தடின் பெயரை ‘ஸ்மூஷ்’ என்று மாற்றலாமே என்று கிண்டலாக முன்மொழிந்தார். பலர் அதை நிஜமென்று நம்பிக் கொதித்தார்கள். ஸ்மூஷ்கேட் என்றே அதற்குப் பெயர். ஒரு தரப்பு, ‘2006 லைப்ரரிக்காக 2018ல் மொழியைக் கெடுப்பீர்களா? உடையட்டும், அவர்கள் திருத்திக்கொள்ளட்டும்’ என்றது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ‘அவர்கள்’ யார்? பத்து வருஷம் முன்னால் யாரோ ஒரு ஃப்ரீலான்ஸரை வைத்து சைட் செய்துகொண்ட கடைக்காரர். ஃப்ரீலான்ஸர் நம்பரை மாற்றிவிட்டார், சர்வர் பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை. அந்தக் கடையின் மெனு பிரவுசர் அப்டேட் ஆன மறுநாள் திறக்காது. கடைக்காரருக்கும் தெரியாது, ஏன் என்று வாடிக்கையாளருக்கும் தெரியாது. நமக்கு ஒரு மெத்தடின் பெயர் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர்களிடம் பணம் வாங்குவது மாதிரி இது. நான் அந்தக் கடைக்காரர் பக்கம்தான். அந்த சீனியர் அண்ணன் பக்கமும்தான்னு வச்சுக்கோங்க.

பெயர் ‘ஃப்ளாட்’ ஆனது, 2019 வெர்ஷனில் மொழிக்குள் வந்தது. ஒரு வாரம் எழுதினால் பழகிவிடுகிற பெயர்தான். ஜேக்வெரி பழக்கிவிட்ட ‘க்ளோசஸ்ட்’, ‘அப்பென்ட்’ போன்றவை பிரவுசருக்குள்ளேயே வந்து சேர்ந்தன. கிட்ஹப் 2018ல் தன் பக்கங்களிலிருந்து ஜேக்வெரியை எடுத்தது. பூட்ஸ்ட்ராப் 2021ல் விட்டது. வேர்ட்பிரஸோடு அது இன்னும் சேர்ந்தே வருகிறது.

இந்த எபிசோட்ல ‘ஆட் இவென்ட் லிசனர்’ பக்கமே நான் போகலை. நெட்ஸ்கேப் மேலிருந்து கீழே என்றது, மைக்ரோசாஃப்ட் கீழிருந்து மேலே என்றது, டபிள்யூ3சி இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்லி மூன்றாவதாக ஒரு ஆர்க்யுமென்ட்டைக் கொடுத்தது. அது தனிக் கதை, அடுத்த வாரம் பேசலாம்.